பாலத்தின் மேல் பிரேக் பிடித்த கதை

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளோடு விழுந்தேன். அடி பெரிதில்லை. முழங்கையில் சிராய்ப்பு, மானத்தில் கொஞ்சம்.

குளிர் மைனஸ் 3 தான். கொட்டிக் கிடக்கும் பனிக்கு நான் பயப்படுவதில்லை, அது கண்ணுக்குத் தெரியும். தார் மேல் கண்ணாடி மாதிரி படிந்து தெரியாமல் கிடக்கும் பிளாக் ஐஸ்தான் எமன். பாலத்தில் அது சீக்கிரமே உறைந்துவிடும். அடியில் மண்ணின் சூடு கிடையாது, மேலும் கீழும் குளிர்காற்று. இதெல்லாம் தெரிந்தும், பாலத்தின் வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன் பாருங்கள்! பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றித் தப்பிக்கலாம். முன் சக்கரம் போனால் போனதுதான்.

ஆணி பதித்த டயர் வாங்கி ஒரு மாதமாக மூலையில் கிடக்கிறது. ஆணிகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு என்ற ரொம்பக் கடினமான பொருளில் முனைகள், ஐஸைக் கொத்திப் பிடிக்கும். காய்ந்த ரோட்டில் கரகரவென்று சத்தம், மிதிக்கவும் கனம் என்று சோம்பல்பட்டேன். சரி, இன்று ராத்திரி முன் சக்கரத்துக்காவது மாட்டிவிட வேண்டும். அப்புறம் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடணும், ஐஸை உருக்கச் சாலையில் தூவும் உப்பு அதை அரித்தே தீர்த்துவிடும்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.