டிடி எடுத்தால்தான் சீட்டு

மகளை ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கிறோம் என்றதும் எங்கள் பிளாக்கில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளைய விட்டுட்டு எப்படி இருக்கப் போறீங்க?" பணத்தை எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. காசு கையில் இருந்தால் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

நானும் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரவாசிகள், இந்தியப் பாஸ்போர்ட். மகளும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. அண்ணன் மகள் ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் படிக்கிறாள், அவளைப் பார்த்து இவளே கேட்டாள். பள்ளியின் பெயர் வேண்டாம், பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். 2024 நவம்பரில் பிஎஸ்எல்இ, இங்கே தொடக்கப்பள்ளி முடிக்கும் தேர்வு, முடிவு வந்தது, டிசம்பரில் கிளம்பினோம்.

முதல் தப்பு அதுதான். நம் பள்ளி விடுமுறையைப் பார்த்து டிக்கெட் போட்டோமே தவிர, மலைப்பள்ளிகளில் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரிதான் நீண்ட விடுமுறை என்பதை யோசிக்கவில்லை. அலுவலகத்தில் வரச் சொன்னார்கள், போனோம், வாட்ச்மேன் சுற்றிக் காட்டினார். சுருட்டி வைத்த மெத்தைகள், பூட்டிய மெஸ், பளபளவென்று ஒரு கோப்பை அலமாரி. கேள்வி கேட்க ஒரு பிள்ளை இல்லை. போகும் வழியில் கல்லாறு சோதனைச்சாவடியில் அரை மணி நேரம் வேறு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், டிரைவர் எடுத்திருப்பார் என்று நாங்களும், நாங்கள் எடுத்திருப்போம் என்று அவரும். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் அந்த வண்டியையே கோயம்புத்தூருக்கு வரச் சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரியில் வீட்டுக்காரர் மட்டும் மறுபடியும் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வெந்நீர் காலை 5.30-லிருந்து 6.15 வரைதான், கடைசியாகப் போனால் ஐஸ் தண்ணீர் என்று ஒரு சின்னப் பெண் சொன்னாளாம். எந்த பிரின்சிபாலும் இதைச் சொல்ல மாட்டார். பருவம் நடக்கும்போது போங்கள், மெஸ்ஸில் சாப்பிடுங்கள். வேறு ஒன்றும் பார்க்க வேண்டாம்.

சீட்டு கிடைத்தது. முதல் தவணை, காப்புத்தொகை எல்லாம் சேர்த்து 5,20,000 ரூபாய், அப்போதைய விலைக்கு ஏறக்குறைய 8,000 சிங்கப்பூர் வெள்ளி. மார்ச் 28-க்குள் கட்டாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. மார்ச் 10 அன்று, எப்போதும் ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியிலேயே பள்ளிக் கணக்குக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும். இது போகவில்லை. 'செயலாக்கத்தில் உள்ளது' என்று ஒன்பது நாள் காட்டியது. 19-ஆம் தேதி பணம் திரும்பி வந்தது, போனதில் 140 வெள்ளி குறைவாக.

பள்ளிக் கணக்காளரைப் பிடித்தேன். "வெளிநாட்டுப் பணம் எங்க கணக்குல வாங்கக் கூடாது மேடம், எஃப்சிஆர்ஏ பிரச்சனை." இதை முதல் கடிதத்திலேயே ஒரு வரி போட்டிருக்கலாமே என்றேன். "யாரும் கேக்கலியே மேடம்."

எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம். அன்று ராத்திரி அந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். கல்வி நிறுவனம் கட்டணமாக வாங்கும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது என்று விளக்கத்திலேயே இருக்கிறது. அதுவும் நான் இந்தியக் குடிமகள், என் சம்பளப் பணம். மறுநாள் வரி வரியாக எடுத்து அனுப்பினேன். பதில்: "ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார் மேடம்." நம் பக்கம் சட்டம் இருக்கலாம், ரசீது புத்தகம் அவர் பக்கம் இருக்கிறது. இதில் நாலு நாள் வீணாக்காதீர்கள். நான் இரண்டு நாள் வீணாக்கினேன்.

என்ஆர்இ கணக்கிலிருந்து, அதாவது வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து, போட்டால் வாங்குவார்களாம். கணக்கு இருக்கிறது, ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் தொடாததால் செயலிழந்துவிட்டது. உயிர் கொடுக்க மறுபடியும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு, அதற்குச் சான்றளித்த நகல்கள், தபால். ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்த பேநவ்-யுபிஐ வழி ஞாபகம் வந்தது. 2023-ல் தொடங்கியபோது நானும் கைதட்டியவள்தான், ஆனால் ஒரு நாளைக்கு 1,000 வெள்ளிதான் வரம்பு, அதுவும் தனிநபருக்குத்தான்.

கடைசியில் வழி சொன்னது அப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்றுவரை ஏடிஎம் கார்டை நம்பாதவர். "டிடி எடுத்தா வாங்க மாட்டாங்களாம்மா?" என்றார். டிமாண்ட் டிராப்ட், வங்கியில் பணம் கட்டி எடுக்கும் வரைவோலை. நான் சிரித்தேன். கணக்காளரிடம் கேட்டேன். "டிடின்னா பிரச்சனையே இல்ல மேடம்!" குரலில் அப்படி ஒரு நிம்மதி.

பணத்தை அப்பா கணக்குக்கு அனுப்பினேன். 24-ஆம் தேதி திங்கட்கிழமை காலை வங்கிக்குப் போனவர், பதினொரு மணிக்குப் போட்டோ அனுப்பினார். பச்சை மையில் தொகை, உதகமண்டலத்தில் செலுத்தத்தக்கது. ஸ்பீடு போஸ்டில் போட்டு, 26-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. முடிந்தது என்று வீட்டுக்காரருக்குத் தேத்தாரே வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். மாலையில் போன்: "டிடியில வாங்கினவர் பேர் வேறயா இருக்கே மேடம்." 2018-லிருந்து டிடியின் முகப்பிலேயே வாங்கியவர் பெயரை அச்சடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்பா பெயர் இருந்தது. 'இவர் என் தந்தை, என் சார்பில் கட்டுகிறார்' என்று கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலோடு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு ரசீது வந்தது. 27-ஆம் தேதி, மாலை 4.40. தாத்தா பாட்டி பெயரில் டிடி எடுப்பவர்கள் இந்தக் கடிதத்தை டிடியோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

டி.சி., அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ், கதை தனி. மகள் மே வரை இங்கே உயர்நிலை 1 படித்தாள். பள்ளியில் கேட்டதும் இரண்டே நாளில் கடிதம் கொடுத்தார்கள், அடியில் 'இது கணினியில் உருவாக்கப்பட்டது, கையெழுத்து தேவையில்லை' என்று. அதை அனுப்பியதும் ஊட்டியிலிருந்து கிளார்க் போன். "கையெழுத்தும் இல்ல, ரவுண்ட் சீலும் இல்ல. இத எப்படிம்மா டி.சி.ன்னு எடுத்துக்கறது?" மறுபடி போய்க் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். அடுத்து, தூதரகத்தில் முத்திரை வேண்டும் என்றார். இந்த இடத்தில் மட்டும் நான் ஜெயித்தேன். ஒரு நாட்டு ஆவணத்தைத் தூதரக முத்திரை இல்லாமலே இன்னொரு நாடு ஏற்க வைக்கும் சான்றுதான் அப்போஸ்டில். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 2005 முதல் இருக்கிறது, சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறை. சிட்டி ஹால் பக்கம் ஒரு நோட்டரியிடம் கொடுத்தேன், சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா சான்றோடு அவரே வாங்கிக் கொடுத்துவிட்டார். ஜூனில் நேரில் கொடுத்தபோது, கிளார்க் அந்தச் சிவப்பு முத்திரையின் மேட்டைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். "இதத்தாம்மா கேட்டேன்."

பையனை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. பிஆர் பிள்ளையானாலும் தேசிய சேவைக் கணக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவை, உண்டு. 13 வயது ஆன பையன் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்ஸிட் பெர்மிட் வேண்டும், 2 வருடமோ அதற்கு மேலோ என்றால் பிணைத்தொகையும் கேட்பார்கள். அது 75,000 வெள்ளியில் தொடங்குகிறது. பள்ளிக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

துணிகளில் எல்லாம் பெயர் தைத்திருக்க வேண்டும் என்று பட்டியலில் இருந்தது, காலுறை உட்பட. தேக்கா மாடியில் ஒரு தையல்காரர் 64 உருப்படியையும் ஒரே மாலையில் தைத்துக் கொடுத்தார். இந்த ஆறு மாதத்தில் சொன்ன நேரத்துக்கு முடிந்த ஒரே வேலை அதுதான்.

சேர்க்கை நாளன்று கணக்காளரை நேரில் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு நேர்மாறாக, ரொம்பச் சின்னப் பையன். ரசீதைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த டெர்முக்கு நேரா சிங்கப்பூர்லேருந்தே அனுப்பிடுங்க மேடம். பாவம், பெரியவருக்கு எதுக்கு அலைச்சல்?"

அப்பாவிடம் டிடி படிவம் இன்னும் இரண்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.