ஆறு கொம்பனின் குகை

தைப்பூசக் காவடிக் களைப்பே தீரவில்லை. அதற்குள் பர்மாவில் மோல்மீன் ஊரிலிருக்கும் அத்தை, "பாஅன் ஊர்ப் பக்கம் குகைப் பயா பார்த்துட்டு வருவோம், வாடா" என்று கிளப்பிவிட்டார். பர்மாத் தமிழர் வாயில் புத்தர் 'பயா'தான். அத்தையின் பையில் பூ இரண்டு கட்டு இருந்தது.

முதலில் கோகுன் குகை. பாறைச் சுவர் முழுக்க அச்சில் வார்த்த சின்னச் சின்ன மண் புத்தர்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். அத்தை விட்டால்தானே!

சத்தான் குகை வாசலில் யானைச் சிலைகள். மறுபக்கம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டோம். முன்கூடத்தில் புத்தர் சிலைகள். அத்தை ஒரு கட்டுப் பூவை வைத்துக் கும்பிட்டார். அப்புறம் இருட்டு, வௌவால் எச்ச நாற்றம், வழுக்கும் தரை. டார்ச் என் கையில், கதை அத்தை வாயில்.

சத்தான் என்பது சத்தந்தன்தான்; பாலி மொழியில் ஆறு தந்தம் உடையவன். புத்தராகும் முன் போதிசத்துவராக அவர் எடுத்த யானைப் பிறவி. அஜந்தாவின் 10ஆம் குகையிலும் இந்தக் கதை ஓவியமாக உண்டு. புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகத்தில் அது இமயமலைப் பக்கம் நடக்கிறது. பாஅன்காரர்களோ யானை ராஜா வந்து ஒளிந்தது இங்கேதான் என்பார்கள். ராஜாவுக்கு இரண்டு மனைவி. பூத்த சால மரத்தை அவர் முட்டியபோது பூவெல்லாம் பெரியவள் மேல் கொட்டியது. சின்னவள் மேல் சுள்ளியும் செவ்வெறும்பும். மனம் வெந்து செத்தவள், மறுபிறவியில் காசி ராணியாகி, தந்தம் கேட்டு வேடனை அனுப்பினாள். விஷ அம்பு பட்ட யானை, வேடன் மேல் துறவியின் காவி இருந்ததால் அவனைக் கொல்லவில்லை. அவனால் தந்தத்தை அறுக்க முடியாமல் போக, ரம்பத்தை வாங்கித் தானே அறுத்துக் கொடுத்தது. தந்தத்தைப் பார்த்த ராணி நெஞ்சு வெடித்துச் செத்தாள்.

"யானையாப் பொறந்தும் சக்களத்திச் சண்டையா அத்தை?" என்றேன்.

"போடா, காத்து அந்தப் பக்கம் அடிச்சதுக்கு அவ என்ன பண்ணுவா?"

மறுமுனையில் ஏரி. படகு ஒரு பாறையடியில் புகுந்தபோது எல்லோரும் தலையைக் குனிந்தோம். வெளிச்சம் வந்ததும் அத்தை இரண்டாவது கட்டைப் பிரித்து, பூவை உதிர்த்துத் தண்ணீரில் விட்டார்.

"இது யாருக்கு?"

"சின்னவளுக்கு."