அம்மாவுக்கு எத்தனையாவது மாடி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராத்திரி சாப்பாட்டு மேசையிலேயே கூட்டம் போட்டோம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர். மூன்று ராத்திரி, ஆறு பேர். ஹோட்டல் என்றால் இரண்டு அறை எடுக்கணும், அம்மா தனியாகப் படுக்க மாட்டார். அதனால் அடுப்போடு இருக்கிற அபார்ட்மெண்ட் என்று முடிவானது. அதுவரைக்கும் சண்டை இல்லை.

எந்த ஏரியா என்று கேட்டேன். பெரியவனுக்கு புக்கிட் பிந்தாங். வீட்டுக்காரருக்கு செந்தூல், அவருடைய அத்தை மகன் அங்கே இருக்கிறார். “அப்ப அவங்க வீட்டு ஹால்லயே பாய் போட்டுக்கலாமே மச்சான், எதுக்கு வாடகை?” என்றான் தம்பி. சின்னவளுக்கு நீச்சல் குளம் இருந்தால் போதும், ஊரே வேண்டாம்.

நான் தாளில் பிரிக்பீல்ட்ஸ் என்று எழுதினேன். கேஎல் செண்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோயில் எல்லாம் பக்கம். அம்மாவுக்கு 71 வயது, முட்டிவலி. அவருக்காகத்தானே இந்தப் பயணம்?

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சரி என்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இ.டி.எஸ். ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. ஆறு இருக்கை சேர்ந்தாற்போல் இல்லை. நான்கு ஒரு பெட்டியில், இரண்டு வேறு பெட்டியில். திரும்பி வருவது 16, மலேசியா தினம். காரிலேயே போகலாம் என்று வீட்டுக்காரருக்கு இன்னும் மனத்தாங்கல். நகருக்குள் மூன்று நாள் பார்க்கிங் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அடங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

துணி காயப்போடும்போது அம்மா கேட்டார்: “அந்த பிரிக்பீல்ட்ஸ்ல என்னா இருக்கு?”

“கோயில் இருக்கும்மா. நம்ம சாப்பாடு, பூ, சேலைக்கடை…”

“இங்க இல்லாத கோயிலா? அதுக்கு நான் சுங்கை சிப்புட்லயே இருந்துக்கறேன்.”

கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்: “ஒசரமா ஒரு வீடு கெடைக்காதா? ரெட்டைக் கோபுரம் தெரியற மாதிரி. ராத்திரி லைட்டெல்லாம் போடுவானாம்ல.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தார், இரண்டும் தரையோடு தரை. மாடியில் படுத்தது ஒரே ஒரு தடவை, ஈப்போ ஆஸ்பத்திரியில், அப்பாவுக்குத் துணையாக. ஜன்னல் பக்கம் போகவே தோன்றவில்லை என்பார்.

பிரிக்பீல்ட்ஸை அடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாள் முழுக்க ஃபோனில் வரைபடம்தான். ரெட்டைக் கோபுரம் இருக்கிற கே.எல்.சி.சி.யை ஒட்டிய கட்டடங்களில் வாடகையைப் பார்த்ததும் பக்கத்தை மூடினேன். புக்கிட் பிந்தாங் கைக்கு எட்டும், ஆனால் சங்காட் பக்கம் நடுராத்திரி தாண்டியும் பாட்டுச் சத்தம். நாலு மணிக்கே எழுகிற அம்மாவை அங்கே வைத்துக்கொண்டு யார் தூங்குவது?

அப்புறம் எல்.ஆர்.டி. பாதையைப் பிடித்துக்கொண்டு போனேன். கேஎல் செண்ட்ரல், பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி. ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. கோபுரத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் கம்போங் பாரு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மலாய்க் குடியிருப்பு. பலகை வீடுகள் இன்னும் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவில் புது அடுக்குமாடிகள்.

நம் சாப்பாடு கிடைக்காதே என்றேன். “புரட்டாசி 17ஆம் தேதிதான் பொறக்குது. அதுக்கு முன்னாடி நாசி லெமாக்கா வெட்டிட்டு வந்துருவோம்” என்றான் தம்பி. அம்மாவுக்கு ரசம் வைக்க அடுப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஏமாற இருந்தேன். படத்தில் கோபுரம் அப்படியே ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு படுக்கையறை, விலையும் தோது. ஏதோ உறுத்தியது. எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் (வாடகைக்கு விடுகிறவர், என்னுடையவர் இல்லை) கேட்டேன். “வியூ ரொம்ப நல்லா இருக்கும்” என்று பதில். மறுபடி கேட்டேன். ஏழாவது மாடி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி. படம் எடுத்தது மொட்டைமாடி நீச்சல் குளத்திலிருந்து. இரண்டாவது படுக்கையறை என்பதும் பலகைத் தடுப்புதான்.

அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் ஒரே வேண்டுகோள்: இப்பவே ஜன்னல் திரையை விலக்கி ஒரு வீடியோ அனுப்புங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் அதோடு காணாமல் போனார்கள். மூன்றாவது ஒரு மலாய் அக்கா, உடனே அனுப்பிவிட்டார். 27ஆவது மாடி. கோபுரம் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி, ஆனால் அடிமுதல் நுனிவரை. ராத்திரிக்கு 340 வெள்ளி (ரிங்கிட்). முன்பணம் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

செண்ட்ரலில் நகரும் படிக்கட்டு முன்னால் அம்மா நின்றுவிட்டார். வலது காலைத் தூக்குவார், ஒரு படி போய்விடும், காலை இறக்கிவிடுவார். பின்னால் வரிசை. சின்னவள் கையைப் பிடித்து “பாட்டி, ஒண்ணு, ரெண்டு…” என்கிறாள். மூன்று வரவே இல்லை. லிஃப்டைத் தேடிப் போனோம். ஏரியாவை அலசிய எனக்கு லிஃப்ட் எங்கே என்று பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் ஆறு பேருக்கு ஒரே ஒரு நுழைவு அட்டை. தட்டினால்தான் மின்தூக்கி நகரும். தம்பி கீழே தப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கப் போனால் இன்னொருவர் போய் அழைத்து வரணும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாலரைக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபுரத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள், கறுப்பாக நிற்கிறது. அவர் பார்த்தது கீழே: மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தன.

“பெரட்டுக்குப் போறாங்க” என்றார். தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டு.

செப்டம்பர் 15, திங்கள்

கடைசி நாள். பூ வாங்கணும் என்று அம்மாவே பிரிக்பீல்ட்ஸ் கேட்டார்! நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய சாலையின் பெயர்ப்பலகையைப் பெரியவன் படித்தான்: ஜாலான் துன் சம்பந்தன். அம்மா நின்றார். “நம்மூர்க்காரரு. தாத்தாகிட்ட பத்து வெள்ளி வாங்கிட்டுப் போனாரு, தெரியுமா?”

1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக் கதை. வெள்ளைக்காரத் துரைகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகிக்கொண்டிருந்த காலம். துண்டுபோடாமல் நாமே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் சேர்த்தார் அன்றைய அமைச்சர் சம்பந்தன். தாத்தாவின் பங்கு அட்டையை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். பெரியவன் அந்த வெயிலில் நின்று முழுக் கதையையும் கேட்டான். புக்கிட் பிந்தாங்கை இரண்டு நாளாக அவன் கேட்கவே இல்லை.

மல்லிகை இரண்டு முழம் வாங்கினோம். இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கோயிலுக்குப் போகலாமா என்றேன். அம்மா என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போயிரலாம்மா. இருட்டுனதும் லைட்டைப் போட்டுருவான்.”