ஒரு செக், பல வேலை

காலையில் செக் சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குச் செக் போடப் போனேன். அதைச் செக் பண்ணிவிட்டு, "தேதி போட மறந்துட்டீங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். சரி, மறுபடி வரிசை. நிற்கும்போது இந்தச் சொல் மண்டையைக் குடைந்தது.

மூன்றுக்கும் மூலம் பாரசீகத்து 'ஷா', அதாவது அரசன். சதுரங்கத்தில் ராஜாவைத் தாக்கும்போது சொன்ன எச்சரிக்கை, அரபு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ராஜாவுக்குச் செக் வந்தால் மற்ற காரியமெல்லாம் அப்புறம்தான். அதனால் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது, அதிலிருந்து சரிபார்ப்பது. நம் செக்போஸ்ட்டில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்! மோசடியைத் தடுக்க வைத்த அடிக்கட்டைக்குத்தான் (கிழித்துக் கொடுத்தபின் தங்கும் துண்டு) முதலில் இந்தப் பெயர், காசோலைக்குப் பிறகு. சட்டைக் கட்டம் சதுரங்கப் பலகையின் உபயம்.

எனக்குப் பிடித்தது வேறு. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசு வரவுசெலவை, சுமார் 10 அடி நீளம் 5 அடி அகல மேசையில் கட்டம் போட்ட துணி விரித்து, காய்களை நகர்த்திக் கூட்டினார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி, அதனால் அந்த வரவுசெலவுத் துறைக்குப் பெயர் 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டன் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். அதன் சாயலில்தான் பிரிட்டிஷ் செக்கின் எழுத்தில் ஒரு 'க்யூ' நுழைந்தது.

நான் நின்றதும் க்யூவில்தான், அரை மணி நேரம்.