எங்க ஓட்டு ஸ்கூலை இடிச்சுட்டாங்க

எங்க ஊரு யூனியன் ஸ்கூலோட பழைய ஓட்டு பில்டிங்கை இடிச்சு முடிச்சாச்சு. ஏலம் விட்டு, ஓடு தனியா, கைமரம் தனியா, கதவு ஜன்னல் தனியான்னு பிரிச்சு லாரில ஏத்திட்டு, மிச்சம் நின்ன சுண்ணாம்புச் சுவரை ஜேசிபி வெச்சு தள்ளிட்டாங்க. அந்த சேதி வந்ததுல இருந்து எங்க செட்டு வாட்ஸ்அப் குரூப் தூங்கவே இல்ல. வருஷம் பூரா பொங்கல் வாழ்த்தும் பூப்படம் போட்ட காலை வணக்கமும் மட்டுமே வந்துட்டிருந்த எடம், இப்ப என்னடான்னா துபாய்ல இருக்கிறவன் ராத்திரி ரெண்டு மணிக்கு வாய்ஸ் நோட்ல அழறான்.

அழுகையெல்லாம் சரிதான், ஆனா இடிச்சது தப்புன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு கோவம் வருது. 2021 டிசம்பர் 17ல நெல்லையில ஒரு ஸ்கூல்ல பாத்ரூம் சுவர் விழுந்து மூணு பசங்க செத்துப்போனது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க பழுதான ஸ்கூல் கட்டடத்தையெல்லாம் கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க, எங்க பில்டிங்கும் அந்த லிஸ்ட்ல வந்ததுதான். அதுக்கு முன்னாடி 2004 ஜூலை 16 கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்து, 94 குழந்தைங்க செத்தாங்க, அது நடந்த பிறகு ஸ்கூல்ல கீத்துக் கூரையே இருக்கக்கூடாதுன்னாங்க, எங்க சத்துணவுக் கொட்டகை கீத்து, அதையும் அப்பவே பிரிச்சுட்டாங்க. எதுவா இருந்தாலும் நம்ம ஊர்ல புள்ளைங்க செத்தாத்தான் இன்ஜினியர் அண்ணாந்து கூரையைப் பாக்குறாரு, இது என்ன பழக்கமோ. அதனால இடிச்சது இடிச்சதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

எனக்கு இருக்கிற ஒரே ஆத்தாமை, இடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் கூட ஒழுங்கா ஒரு போட்டோ எடுத்து வெக்கல. ஆளுக்கு ஒரு போனு கையில இருக்கு, சாப்பிடுற தோசையைக் கூட எடுக்குறோம். குரூப்புல எல்லாரும் தேடித் தேடி கடைசில கெடைச்சது அஞ்சாப்பு குரூப் போட்டோ ஒண்ணு. ஹெட்மாஸ்டர் நடுவுல நாற்காலில, பக்கத்துல டீச்சருங்க, நாங்க பின்னாடி பெஞ்சு மேல ஏறி நிக்கிறோம், எல்லாரும் கண்ணு கூசி முழிக்கிறோம். ஸ்கூல்னு பாத்தா அதுல தெரியுறது ஒரு தூணும் பாதிக் கதவும்தான். போட்டோக்காரரு மரத்தடியில வெளிச்சம் பாத்து நிக்க வெச்சுட்டாரு, பில்டிங்கை எடுக்கணும்னு அன்னிக்கு யாருக்குத் தோணும்?

இதுலதான் எங்க கூட படிச்ச ஒருத்தன், கட்டட பிளான் வரையுற வேலை பாக்குறவன், "டேய் நான் ஞாபகத்துல இருந்தே ஒரு பிளான் போடுறேன், தப்பு இருந்தா சொல்லுங்கடா"ன்னான். தப்பு இருந்தா சொல்லுங்கன்னு நம்ம பயலுககிட்ட சொல்லலாமா? அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல.

மொதல்ல ஹால். எங்க ஸ்கூல்ல வகுப்புக்கு வகுப்பு சுவரெல்லாம் கிடையாது, ஒரே நீள ஹால், நடுவுல மூங்கில் தட்டி. மூணாப்புல உக்காந்துட்டு நாலாப்பு சார் நடத்துற கணக்கை கேட்டுக்கிட்டு இருக்கலாம், எங்க டீச்சர் பாடம் போரடிச்சா காதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிடுவோம். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்னிக்கும் தடங்கல் இல்லாம வரும், அது எனக்கு நடத்துனதே இல்ல, பக்கத்து வகுப்பு கத்திக் கத்தி எனக்கு மனப்பாடம் ஆனது. ஆனா தட்டி ரெண்டா மூணான்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். வாசப்பக்கம் உக்காந்தவனுக்கு ஹால் சின்னது, கடைசி வரிசைல உக்காந்தவனுக்கு அது கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்திருக்கு. ஜன்னல் மூணுன்னு ஒரு கோஷ்டி, நாலுன்னு ஒரு கோஷ்டி.

எல்லாரும் ஒத்துப்போன விஷயம் ஒண்ணே ஒண்ணு, அந்தக் கண்ணாடி ஓடு. சீமை ஓட்டுக்கு நடுவுல வெளிச்சத்துக்குன்னு ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதிச்சிருந்தாங்க. அது வழியா விழற வெயில் ஒரு கட்டமா தரையில கிடக்கும், அதுக்குள்ள தூசி சுத்திக்கிட்டே இருக்கும். காலைல மேக்குச் சுவர்ல இருக்கும், மெதுவா எறங்கி தரைக்கு வந்து நகர ஆரம்பிக்கும், அது ரெண்டாம் வரிசை பலகையைத் தொட்டா மத்தியான மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்னு அர்த்தம். அந்த எடத்துல உக்காந்திருந்தவன் காலை எடுத்து வெயில்ல வெப்பான், டீச்சர் "ஏன்டா நெளியுற"ன்னு கேப்பாங்க, பின்னாடி இருக்கிறவன் எல்லாம் தட்டு எடுக்க ரெடி ஆயிருவான். மழைக்காலத்துல வெயில் வராது, அப்ப டைம் தெரியாம தவிச்சுப் போயிருவோம். வாட்ச் கட்டுன ஆளு ஹெட்மாஸ்டர் மட்டும்தான்.

மணின்னா தண்டவாளத் துண்டு. வேப்ப மரத்துல கம்பி போட்டு தொங்கவிட்டிருக்கும், அதை அடிக்கிற உரிமை அஞ்சாப்பு லீடருக்கு மட்டும். அந்தத் துண்டு இப்ப எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல, ஏலத்துல இரும்போட இரும்பா போயிருக்கும்.

அப்புறம் போர்டு. கோவை இலையும் அடுப்புக் கரியும் சேத்து இடிச்சு லீவுக்கு முந்தின நாள் போர்டுல பூசுவோம், கை ரெண்டும் பச்சையும் கருப்புமா வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட அடி வாங்குவோம். அரசாங்கம் 1987ல கரும்பலகைத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிக்கு ரெண்டு ரூம், ரெண்டு டீச்சர், மேப்பு, அறிவியல் பெட்டி, வாத்தியக் கருவின்னு. எங்களுக்கும் ஒரு பெட்டி வந்துச்சு. வந்து பீரோவுக்குள்ள போச்சு. உள்ள உலக உருண்டை இருக்கு, தபேலா இருக்குன்னு வதந்தி, இன்ஸ்பெக்ஷனுக்கு கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து மேசைல அடுக்குவாங்க, அவரு ஜீப்பு கிளம்புனதும் திரும்ப பூட்டு. உலக உருண்டையை தொட்டுப் பாத்தவன்னு ஒருத்தன் இன்னும் பெருமையா சொல்லிக்கிட்டு திரியுறான்.

சாப்பாடு பத்தி எழுதாம இருக்க முடியுமா. காமராஜர் காலத்துல 1956ல ஆரம்பிச்ச மத்தியானச் சாப்பாட்டுல எங்க அப்பா செட்டு படிச்சுது, அவங்க இன்னும் எங்க ஸ்கூலை போர்டு ஸ்கூல்னுதான் சொல்வாங்க, ஜில்லா போர்டு போயி யூனியன் வந்து எத்தனையோ காலம் ஆச்சு, வாயில வந்த பேரு மாறல. எங்களுக்கு எம்.ஜி.ஆர். 1982ல கொண்டு வந்த சத்துணவு. முட்டை வந்தது 89ல, எங்களுக்கு அங்க கடைசி வருஷம், அதுவும் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அந்த அன்னிக்கு மட்டும் ஆப்சென்ட்டே இருக்காது. காய்ச்சல்ல படுத்திருந்தவனை அவன் பாட்டி இடுப்புல தூக்கிட்டு வந்து முட்டையை வாங்கிட்டு திரும்பத் தூக்கிட்டுப் போனதை நான் பாத்திருக்கேன், குரூப்புல அதைச் சொன்னா அவனே "ஆமாடா நான்தான்"ங்குறான்.

பொறந்த நாள் கதையும் வந்துச்சு. தலைக்கு மேல கையைச் சுத்தி காதைத் தொட்டா ஒண்ணாப்புல சேத்துக்குவாங்க, தேதி கேட்டா எங்க அம்மாக்களுக்கு "பெருமழை பேஞ்ச வருஷம், ஆடி மாசம்"னு தான் சொல்லத் தெரியும், ஹெட்மாஸ்டர் அவரா ஒரு தேதி எழுதிக்குவாரு. அதனால எங்க செட்டுல பாதிப் பேருக்கு மே, ஜூன்லதான் பொறந்த நாள், ஃபேஸ்புக்ல வரிசையா வாழ்த்து வரும். பாஸ்போர்ட், பென்ஷன், எல்ஐசி எல்லாம் அந்த மனுஷன் பேனா எழுதுன தேதியிலதான் ஓடிக்கிட்டு இருக்கு. அந்த சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் பத்திரமா புது பில்டிங்குக்கு கொண்டு போயிட்டாங்க, அதுவரைக்கும் நல்லது.

ஒண்ணு சொல்லணும். குரூப்புல "நம்ம கோயில் போச்சே"ன்னு எழுதுற யாரோட புள்ளையும் அந்த ஸ்கூல்ல படிக்கல. என் புள்ளைங்களும்தான். காலைல மஞ்ச வேன் வந்து ஊரு புள்ளைங்களை அள்ளிக்கிட்டு போக ஆரம்பிச்சப்பவே அந்த ஹால் பாதி காலி. கட்டடம் இடிஞ்சது இப்பதான், ஸ்கூல் சுருங்குனது அதுக்கு எவ்வளவோ முன்னாடி, அப்ப எவனும் வாய்ஸ் நோட் போடல. 2022ல 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி'ன்னு முன்னாள் மாணவர்கள் அரசுப் பள்ளிக்கு பணமோ பொருளோ கொடுக்க அரசாங்கமே ஒரு வழி பண்ணி வெச்சிருக்கு, அதோட லிங்க்கை நான் குரூப்புல போட்டேன். ரெண்டு கட்டை விரல் வந்துச்சு, அடுத்த நிமிஷம் மறுபடியும் ஜன்னல் சண்டை.

ஜன்னல் சண்டையைத் தீத்து வெச்சது எங்க செட்டு கொத்தனாரு. அஞ்சாப்போட நின்னுட்டு சித்தாளா போனவன், குரூப்புலயே கிடையாது, ஸ்மார்ட்போனும் வெச்சுக்கல. பிளான் போடுறவன் அவனுக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கான். "வடக்க மூணு, தெக்க நாலுடா, ரெண்டு கோஷ்டியும் சரிதான். எத்தனை தடவை நான் வெள்ளை அடிச்சிருக்கேன்"னு சொல்லிட்டு, சுவரு ஒன்றரை அடி கனம், தூணுக்கு தூணு இத்தனை அடின்னு ஒப்பிச்சிருக்கான். நாங்கெல்லாம் அங்க அஞ்சு வருஷம் உக்காந்து எந்திரிச்சதோட சரி, அந்தக் கட்டடத்தை கையால தடவிப் பாத்தவன் அவன்தான். அவன் இன்னொண்ணும் சொன்னானாம், "மரம்தான் செல்லரிச்சுப் போயிருந்துச்சு, சுவரு கல்லு மாதிரி நின்னுச்சுடா, ஜேசிபியே முக்குச்சு". அப்ப கூரையை மட்டும் மாத்தி காப்பாத்தியிருக்கலாமோன்னு எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சுதான். ஆனா செல்லரிச்ச உத்திரத்துக்கு கீழ புள்ளைங்களை உக்கார வெச்சுக்கிட்டு எந்த ஹெட்மாஸ்டர் அந்தப் பரீட்சை பண்ணுவாரு.

இப்படி பிளான் கிட்டத்தட்ட முடிஞ்சு, வேப்ப மரம், கொடிக்கம்பம், அடிபம்பு எல்லாம் போட்டு கலர் அடிச்சு அனுப்பினான். ஆஹா ஓஹோன்னு கை தட்டிட்டு இருக்கும்போது, அதுவரைக்கும் ஒண்ணுமே பேசாத ஒரு பொண்ணு, இப்ப நர்ஸா இருக்கு, ஒரு மெசேஜ் போட்டுச்சு. "ஏம்ப்பா, உங்களுக்கெல்லாம் மரமும் மணியும் ஞாபகம் இருக்கு. எங்களுக்கு பாத்ரூம் இல்லாததுதான் ஞாபகம் இருக்கு. காலைல இருந்து தண்ணி குடிக்காம இருப்போம். முடியலன்னா ரெண்டு ரெண்டு பேரா வடக்குச் சுவருக்குப் பின்னாடி கருவேலங்காட்டுக்குப் போவோம், ஒருத்தி காவல் நிப்பா. நம்ம செட்டுல மூணு பேரு ஏன் ஆறாப்புக்கு வரலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேக்கல. பசங்க நாங்க சுவரோரமா நின்னு வேலையை முடிச்சுட்டு ஓடிப்போய் விளையாடுனவங்க, எங்களுக்கு அந்தக் கருவேலங்காடு பந்து தொலையுற எடம், அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் குரூப்புல ஒருத்தனும் வாயைத் தொறக்கல. அப்புறம் பிளான் போடுறவன்தான் கேட்டான், "இல்லாததை எப்படி வரையுறது சொல்லு". அது சொல்லுச்சு, "காடு இருந்துச்சுல்ல, அதை வரை. வரைஞ்சு அது எதுக்குன்னும் எழுது".

வரைஞ்சுட்டான். வடக்குச் சுவருக்குப் பின்னாடி முள்ளு முள்ளா கிறுக்கி, பக்கத்துல 'பெண்பிள்ளைகள் ஒதுங்கிய இடம்'னு எழுதியிருக்கான். பிரேம் போட்டு புது பில்டிங்ல ஹெட்மாஸ்டர் ரூம்ல மாட்டக் கொடுக்கலாம்னு பேச்சு, அதுக்கு சிலர் "அந்த வரி மட்டும் வேணாம், பாக்க நல்லா இருக்காது"ன்னு இழுக்கிறாங்க. புது பில்டிங்ல பொண்ணுங்களுக்கு பாத்ரூம் இருக்கு, தண்ணியும் வருதாம், கொத்தனாருகிட்ட கேட்டுட்டேன். வரி இல்லாம மாட்டுறதா இருந்தா பிரேம் காசுக்கு என் பங்கைத் தர மாட்டேன்னு நான் எழுதிட்டேன், நர்ஸம்மாவும் கொத்தனாரும் என் பக்கம், துபாய்க்காரன் யோசிச்சு சொல்றேன்னிருக்கான்.