கோடு வரைக்கும் இறுக்கு

பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு மின்னஞ்சல் வந்தபோது முதலில் பேசாமல் விட்டுவிட்டேன். நான் மேடை ஏறாத பிள்ளை, ஓட்டப் போட்டியில் பெயர் கொடுக்காத பிள்ளை, என்னத்தை எழுதுவது? அப்புறம் போன மாதம் அக்காவின் மகளுக்கு முதுகு வளைவு கூடாமல் பிடிக்கிற பிரேஸ் போட வேண்டும் என்று டொக்டர் சொல்லி, அளவெடுக்கிற இடத்துக்கு நானும் கூடப் போனேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை. வலிக்குமா, எத்தனை வருஷம் என்றெல்லாம் அக்காதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பெறாமகள் என் பக்கம் திரும்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "சித்தி, பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டு போக வேணுமா?"

அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் முழுவதும் நம்முடைய வகுப்பறையில்தான் கிடக்கிறது.

என் முதுகு வளைந்திருப்பதை முதலில் கண்டவர் உடற்பயிற்சி ரீச்சர். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். வரிசைக்குப் பின்னால் நடந்து வந்தவர் எனக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார். "இன்னொருக்கா குனி பிள்ளை" என்றார், அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் ஒரு சொல் சொல்லவில்லை. பள்ளி விடும்போது ஒட்டிய கடிதம் ஒன்றைக் கையில் தந்து, அம்மாவிடம் கொடு என்றார். வலது பக்க விலா இடது பக்கத்தைவிட மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தாராம். குனிய வைத்துப் பார்க்கிற இந்த முறையை 1865 இல் வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்தார் என்பதும், இன்றைக்கும் முதல் சோதனை இதுதான் என்பதும் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. ஸ்கோலியோசிஸ் என்கிற இந்த முதுகு வளைவில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு நிற்பதில்லை, திருகவும் செய்கிறது. அந்தத் திருகலில்தான் ஒரு பக்க விலா மேலே எழும்புகிறது. நேரே நிற்கும்போது சீருடை மூடிவிடும், குனிந்தால் தெரிந்துவிடும். அந்த ரீச்சருக்கு நான் கடைசி வரை நன்றி சொல்லவில்லை, இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது.

எக்ஸ்ரேயில் 28 பாகை. வளைவின் மேல் முனையில் உள்ள முள்ளெலும்புக்கும் கீழ் முனையில் உள்ளதற்கும் கோடு போட்டு அளக்கிற கோணம் அது, 1948 இல் ஜோன் கொப் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முறை என்பதால் கொப் கோணம் என்பார்கள். 10 பாகைக்குக் கீழே என்றால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. 25 இலிருந்து 40 வரை இருந்து, பிள்ளை இன்னும் வளர்கிற வயதில் இருந்தால் பிரேஸ். 50ஐத் தொட்டுவிட்டால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார்கள். எனக்கு இந்த எண்கள் எதுவும் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. அம்மா கேட்ட கேள்விதான் நினைவிருக்கிறது. புத்தகப் பை பாரத்தாலா டொக்டர், இவள் கோணலாக உட்கார்ந்து படிப்பதை நான் கவனிக்காமல் விட்டதாலா? இரண்டும் இல்லை அம்மா, இந்த வயதில் வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே தெரியாது, நீங்கள் செய்து வந்ததும் இல்லை, செய்யாமல் விட்டு வந்ததும் இல்லை என்றார் அவர். அம்மா தாழ்வாரத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பயத்தில் அழுகிறார் என்று நினைத்து நானும் அழுதேன். அது நிம்மதியில் வந்த அழுகை என்று பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

இப்போது பெறாமகளுக்கு ஒரு சின்னக் கருவியை உடம்பைச் சுற்றிக் காட்டினார்கள், திரையில் அவளுடைய உருவம் வந்துவிட்டது, அளவு முடிந்தது. எனக்கு அப்படியில்லை. மெல்லிய துணிச் சட்டை ஒன்றைப் போட்டு நிற்க வைத்து, நனைத்த பிளாஸ்டர் பட்டியை அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை சுற்றிக்கொண்டே வந்தார்கள். முதலில் குளிரும், பிறகு அது இறுகும்போது தானாகவே சூடாகும், அந்தச் சூடு நெஞ்சைச் சுற்றி ஏறுவது இன்றும் உடம்பில் இருக்கிறது. அந்த அச்சிலிருந்து வந்ததுதான் என் பிரேஸ். வீட்டில் நாங்கள் பெல்ட் என்றுதான் சொன்னோம். வெள்ளைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு கூடு, பின்பக்கம் திறக்கும், மூன்று வெல்க்ரோப் பட்டி. வளைவு வெளியே தள்ளுகிற இடத்தில் உள்ளே மெத்தை வைத்து அழுத்தும், அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பு ஒதுங்கிக்கொள்ள வெற்றிடம் விட்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படி நெரிக்கிறது என்ற கோபம் எனக்குப் போனது. நெரிக்க வேண்டிய இடத்தில்தான் நெரிக்கிறது.

பழகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. முதல் நாள் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் நாளுக்கு 23 மணி நேரம். குளிக்கவும் உடற்பயிற்சிக்கும் மட்டும் கழற்றலாம். இதைப் படிக்கிற யாருடைய பிள்ளையாவது இப்போது தொடங்குகிறதென்றால், இந்தப் பந்தியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உள்ளே போடுகிற பெனியன்தான் பாதிச் சுகம். நீளமாக, உடம்போடு ஒட்டி, தையல் இல்லாததாக இருக்க வேண்டும். தையல் இருந்தால் உள்ளே வெளியாகத் திருப்பிப் போடுங்கள், மடிப்பு ஒன்று விழுந்தாலும் மாலைக்குள் தோலில் கோடாகப் பதிந்துவிடும். மெத்தை அழுத்துகிற இடத்தில் கிரீம், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள், தோல் இளகிவிடும். கழற்றியவுடன் சிவந்திருந்தால் பயமில்லை, அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாமல் நின்றாலோ தோல் கிழிந்தாலோ பிரேஸ் செய்தவரிடம் போங்கள், சூடாக்கி விளிம்பைத் திருத்தித் தருவார்கள். உள்ளாடையைப் பிரேஸுக்கு மேலே போட்டால் கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியதில்லை, இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் அழுது முடித்த பிறகு அம்மாவே கண்டுபிடித்தார். படுத்துக்கொண்டு பட்டியை இறுக்கினால் சரியான இடத்தில் உட்காரும். நித்திரை முதல் வாரம் வராது, பிறகு வரும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

வகுப்பு ரீச்சரிடம் அம்மா பேசியபோது அவர் என்னைக் கூப்பிட்டு, "நான் சொல்லட்டா, நீயே சொல்லுறியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எத்தனை பேர் ஒரு பிள்ளையிடம் கேட்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். நானே சொல்கிறேன் என்றேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முன்னால் போய் நின்று, இது என்ன, எதற்கு, எத்தனை மணி நேரம் என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ரீச்சர் என் விலாப் பக்கம் விரல் மடக்கித் தட்டினார். டொக் டொக் என்றது, கதவைத் தட்டினால் கேட்பது போல. அப்புறம் பின்வரிசையில் இருந்து ஒருத்தி, நானும் தட்டலாமா என்று கேட்டாள். அன்றைக்கு இடைவேளைக்குள் முப்பத்தேழு பேரும் தட்டி முடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு யாருக்கும் அது புதினமாக இல்லை.

ஆனால் கூட்டோடு ஒரு நாளைக் கழிப்பது வேறு. குனிய முடியாது என்பது வீட்டில் பெரிதாகத் தெரியவில்லை, வகுப்பில்தான் தெரிந்தது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை பொருள் கீழே விழுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பென்சில், அழிப்பான், கொம்பாஸ், கொப்பியிலிருந்து நழுவுகிற தாள். ஒவ்வொன்றுக்கும் கதிரையைத் தள்ளி எழும்பி, முதுகை நேரே வைத்தபடி முழங்காலை மடக்கி இறங்கி, எடுத்துக்கொண்டு மேசையைப் பிடித்து எழ வேண்டும். தாழ்ந்த கதிரையில் உட்கார்ந்தால் கீழ் விளிம்பு தொடையில் குத்தும், மேல் விளிம்பு அக்குளுக்குள் ஏறும். ஆய்வுகூடத்தில் சாய்வில்லாத முக்காலி எனக்கு உண்மையில் சுகமாக இருந்தது, எல்லாரும் கூன்போட்டு உட்கார்ந்திருக்க நான் மட்டும் நிமிர்ந்திருப்பேன்.

என் பக்கத்துக் கதிரையில் இருந்தவளைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏதாவது விழுந்தால் எழுதிக்கொண்டிருக்கிற வரியை நிறுத்தாமலே, என்னைப் பார்க்காமலே, இடது கையை நீட்டி எடுத்து என் மேசையில் வைத்துவிடுவாள். நன்றி சொன்னால் பிடிக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பட்டியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், வயிறு அழுந்தியிருந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப இறுக்க வேண்டும். பட்டி முதுகுப் பக்கம், எனக்குக் கை எட்டாது. அவள்தான் இறுக்குவாள். எவ்வளவு இறுக்குவது என்று இருவருக்கும் தெரியாமல் ஒருநாள் மூச்சு முட்டியது, மறுநாள் தொளதொளவென்று கிடந்தது. அந்த வாரம் பிரேஸ் செய்தவர் சரியான இறுக்கத்தில் பட்டியை வைத்து, அது முடிகிற இடத்தில் நீலப் பேனையால் ஒரு கோடு போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. நான் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நிற்பேன், அவள் முழங்காலை என் இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுத்து இழுப்பாள், கோடு வந்ததும் ஒட்டிவிட்டு முதுகில் ஒரு தட்டு.

ஒன்பதாம் வகுப்பில் நான் ஏமாற்றினேன். இதை அம்மாவுக்கு இந்த மலரில்தான் சொல்கிறேன். நாலைந்து வாரம், காலையில் பள்ளிக்கு வந்ததும் கழிப்பறையில் கழற்றி, பெரிய துணிப் பைக்குள் வைத்துப் பின்சுவர் மூலையில் சாத்திவிடுவேன், பள்ளி விடும்போது திரும்பப் போட்டுக்கொள்வேன். உயரம் கிடுகிடுவென்று கூடிக்கொண்டிருந்த காலம் அது, அதாவது வளைவும் விரைவாகக் கூடக்கூடிய காலம். அவள் என்னைத் திட்டவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பிரேஸை வெளியே எடுத்து, பட்டிகளைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "வா." அவ்வளவுதான். அவள் கை வலிக்கிற வரை நின்றிருப்பாள், தெரியும். போய் அதற்குள் நுழைந்தேன். பழைய கோட்டுக்கு இழுக்க முடியவில்லை, நான் வளர்ந்திருந்தேன். அடுத்த எக்ஸ்ரேயில் 31.

அந்த மூன்று பாகையை நான் இன்றும் சுமக்கிறேன். ஏமாற்றியதால்தான் கூடியதா, எப்படியும் கூடியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் சுமக்கிறேன்.

பிரேஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே நெடுநாள் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ நிலையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2013 இல் வெளியானபோது அதைத் தேடிப் படித்தேன். பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் 50 பாகையை எட்டாமல் வளர்ச்சியை முடித்திருக்கிறார்கள், போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு. பிரேஸுக்குள் உடல் சூட்டை அறிகிற சிறு கருவியை வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று அளந்திருக்கிறார்கள். சராசரியாக நாளுக்கு 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. எல்லாம் மணிக்கணக்குத்தான். என் காலத்தில் அந்தக் கருவி கிடையாது, சதுரக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்றில் நானே கட்டம் நிரப்பினேன், பொய்க் கட்டங்களும் அதில் உண்டு. வீட்டில் இருக்கிற நேரத்தை அம்மா பார்த்துக்கொண்டார். பள்ளியில் இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

பதினாறாவது வயதில் இடுப்பெலும்பின் ஓரத்தை எக்ஸ்ரேயில் பார்த்து, வளர்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற விட்டார்கள். முதல் முறையாக அது இல்லாமல் வகுப்புக்கு வந்த நாளில் பென்சில் விழுந்தது, நான் குனிவதற்கு முன்னால் அவள் எடுத்து வைத்துவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வளைவு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது, பிரேஸ் அதை நிமிர்த்துவதற்காகப் போடுவதல்ல, கூடாமல் பிடித்து நிறுத்துவதற்கு. போன வருஷம் எடுத்த எக்ஸ்ரேயில் 33.

பெறாமகளுக்குப் பிரேஸ் வந்துவிட்டது. நாளுக்கு 18 மணி நேரம், பள்ளிக்கும் போட்டுத்தான் போகிறாள். முதல் வாரம் அழுகை, இரண்டாம் வாரம் மௌனம். நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை பட்டியை இறுக்கிவிட்டாளாம், ஆனால் சரியாக வரவில்லை, கழன்று கழன்று போகிறதாம், என்ன செய்வது சித்தி என்றாள். சனிக்கிழமை வருகிறேன், அந்தப் பிள்ளையையும் வரச் சொல்லு, வீட்டில் நீலப் பேனை இருக்கிறதா என்று கேட்டேன்.