மரியா தெரேசா வேராவின் கித்தார்

மேடையில் பெண்கள் பாடுவதை ரசித்த கியூபத் தலைநகர் ஹவானா, கித்தாரைக் கையிலேந்தி ஆண்களின் குழுவை ஒரு பெண் வழிநடத்துவதை எளிதில் எதிர்பார்க்காத காலத்தில், 1926-இல் செக்ஸ்தெத்தோ ஒக்சிதெந்தே என்ற, கியூப நாட்டு சோன் இசை வாசிக்கும் குழுவைத் தொடங்கியவர் மரியா தெரேசா வேரா. 1895-இல் குவானஹாயில் பிறந்தவர். பின்னாளில் சோன் இசையின் பெரும்புள்ளியாகப் போற்றப்பட்ட இக்னாசியோ பிஞ்ஞேய்ரோ அக்குழுவில் பாஸ் எனும் தாழ்சுருதித் தந்திவாத்தியம் வாசித்தார் என்பதை ஏனோ பலரும் சொல்வதில்லை.

தோழி கியெர்மினா அரம்புரு எழுதிய வரிகளுக்கு வேரா இசையமைத்த "வெயின்தே அன்யோஸ்" (இருபது ஆண்டுகள்) பாடலை, பெங்களூர் அல்சூரில் எங்கள் இசை நண்பர் குழாமில் அடிக்கடி கேட்கிறோம். கியூபப் பாடகர் லொரென்சோ இயெரெசுவேலோவுடன் வேரா பாடிய பதிவில் வேராவின் குரல் மேலே நேர்க்கோடாகச் செல்ல, இயெரெசுவேலோவின் குரல் கீழிருந்து தாங்குகிறது. ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு முதலில் அது வறட்சியாகத் தோன்றினாலும், இழந்த காதலைக் கண்ணீரின்றிச் சொல்வதற்கு அந்த நேர்மையே பொருத்தமென்பது என் கருத்து.

திருவையாற்றில் பெண்கள் பாட வழி திறந்த பெங்களூர் நாகரத்தினம்மாளை இவ்வூர்த் தமிழர்கள் அறிவர். அப்படிப் பெயர் அறியப்படும் பேறு வேராவுக்கு வாய்க்கவில்லை. 1965-இல் அவர் மறைந்தார். கியூபப் பாடகி ஒமாரா போர்த்துவோந்தோ 1997-இல் வெளிவந்த இசைத்தொகுப்பில் அப்பாடலை மீண்டும் பாடி உலகெங்கும் புகழ்பெறச் செய்தபோதும், இசையமைத்தவர் யாரென்று கேட்டவர்கள் சிலரே.